கடனை விற்றவன் ஆளை விற்றவனா?

இவ்வாண்டு வைசாகப் பௌர்ணமிக்குப் பத்து நாட்கள் இருக்கையில், நம் சங்கக் கூடத்திற்கு ஓர் அன்பர் வந்தார். நம்மவர், பஞ்சசீலம் ஏற்றவர், ஓசூருக்கு அப்பாலுள்ள செங்கற் சூளைகளுக்கு ஆள் சேர்த்துவிடும் மேஸ்திரி. மழைக்கு ஒழுகும் கூடத்தின் தகட்டுக் கூரையை அகற்றிக் கான்கிரீட் தளம் போட்டுத் தருவதாகவும், செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகவும் அறிவித்தார். செயற்குழுவினர் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்? கூடத்தைப் பெருக்கி மலர் வைக்கும் மூதாட்டியார் ஒருவர் மட்டும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "ஏனப்பா, உன் சூளையில் இருக்கிறவர்கள் நினைத்தால் ஊருக்குப் போகலாமா?" என்று கேட்டார்.

"முன்பணம் கழிந்துவிட்டால் தாராளமாகப் போகலாம், அம்மா."

"கழிந்தவர் எத்தனை பேர்?"

மேஸ்திரி அதற்கு விடை கூறவில்லை. அன்று தொடங்கியது நம் மனத்தில் இக்கேள்வி. இரண்டு திங்களாக அது நம்மை விடவில்லை. ஆதலின் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

உபாசகன் செய்யத்தகாத வணிகங்கள் ஐந்து என்று அங்குத்தர நிகாயத்தில் பகவர் வரையறுத்தார். ஆயுதம் விற்றல், உயிர் விற்றல், இறைச்சி விற்றல், மது விற்றல், நஞ்சு விற்றல் என்பன அவை. இவற்றுள் இரண்டாவதான சத்த வணிகம் என்பதற்கு, மக்களை விற்றல் என்றே உரைகாரர் பொருள் கொண்டனர். நம் கூட்டங்களில் மதுவைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இறைச்சியைப் பற்றியும் வழக்காடியிருக்கிறோம். இந்த இரண்டாவதை மட்டும், பழங்காலத்துச் செய்தி, இப்பொழுது யார் ஆளை விற்கிறார்கள் என்று வேகமாகக் கடந்து சென்றிருக்கிறோம்.

மேஸ்திரி தீயவர் அல்லர். அவர் தம் தரப்பை எடுத்துரைத்தபொழுது பொறுமையுடன் கேட்டோம். ஐப்பசி மழையில் வேலையின்றி அடுப்பெரியாத வீட்டிற்குப் பணம் கொடுப்பவர் அவர் ஒருவரே. மகள் திருமணம், மருத்துவச் செலவு, இழவு எதுவாயினும் அவர் வாசலுக்கே வருகிறார்கள். ஒருவரையும் அவர் அடித்ததில்லை. கையைப் பிடித்து இழுத்ததில்லை. அவர்களே வந்து, அவர்களே கேட்டு, அவர்களே பெருவிரல் வைத்தார்கள். தைப் பொங்கலுக்குப் பின் குடும்பத்தோடு சூளைக்கு வந்து, மண் குழைத்து, அச்சில் இட்டு, பச்சைக்கல் அறுத்து, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொள்ள வேண்டும். வாரச் செலவுக்குக் கொடுப்பதும் அதே கணக்கில் ஏறும். மழை வந்து சூளை நிற்கும்போது கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் பாக்கி நிற்கும். பாக்கியோடு ஒரு குடும்பம் வேறு சூளைக்குச் செல்ல விரும்பினால், அந்தச் சூளைக்காரர் பாக்கியைக் கட்டிவிட்டு அழைத்துச் செல்லலாம்.

"நான் ஆளை விற்கவில்லை, ஐயா, கணக்கைத்தான் மாற்றிவிட்டேன்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்திற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆளையும் கணக்கையும் இப்படிப் பிரித்துப் பேசும் வழக்கம் நம் மேஸ்திரி கண்டுபிடித்ததன்று. அதற்கு நெடிய வரலாறு உண்டு.

தஞ்சைத் தரணியில் திருப்பாம்புரம் என்னும் ஊர்க் கல்வெட்டொன்று, மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு விற்பனையைக் கூறுகிறது. பஞ்சம், காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற காலம். வேளாளர் ஒருவர் தம் இரு பெண்மக்களோடு தம்மையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். விற்றவரும் அவரே, விற்கப்பட்ட பொருளும் அவரே. யாரும் அவரை அடித்து இழுத்து வரவில்லை. மேஸ்திரியின் அளவுகோலால் அளந்தால் இது முழுச் சம்மதம். ஆனால் காசுக்கு மூன்று நாழி என்னும் விலையை யாம் கணக்கில் சேர்க்க வேண்டாமா? அந்தப் பெண்மக்கள் இருவரும் எந்தக் கடனுக்குச் சம்மதித்தார்கள்?

பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாற்றை அறியாத தமிழர் இலர். திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் வந்து, மணமகனின் பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை தம்மிடம் இருப்பதாக வழக்கிடுகிறார். அந்தணர் வேறோர் அந்தணருக்கு அடிமையாவதும் உண்டோ என்று சுந்தரர் மறுக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. பக்தர்கள் இதை அருளிச்செயலாகப் படிப்பர். அது அவர் உரிமை. நாம் இதில் காண்பது வேறு. அவையோர் ஆராய்ந்தது, ஓலையில் உள்ளது பாட்டனின் கையெழுத்துத்தானா என்பதை மட்டுமே. பிறவாத பேரனைப் பாட்டன் எழுதிவைக்கலாமா என்று அவ்வவையில் ஒருவரும் கேட்கவில்லை. மணமகனும் கேட்கவில்லை. அவர் மறுத்தது தம் குலத்தாருக்கு அது பொருந்தாது என்பதையே ஒழிய, அடிமை என்பதையே அன்று. கேட்பாருக்கு இயல்பாகத் தோன்றும் அளவுக்கு அவ்வழக்கம் அக்காலத்தில் ஊறியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மனு நூலோ இன்னும் ஒரு படி மேலே சென்று, எசமானன் விடுவித்தாலும் சூத்திரன் அடிமைத்தனத்தினின்றும் விடுபடான் என்று எழுதிவைத்தது. அங்கே ஓலையும் வேண்டியதில்லை, பிறப்பே ஓலை.

ஆங்கிலேயர் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் தம் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தனர். இழப்பீடாக இரண்டு கோடி பவுன் கொடுத்தனர். அடிமைகளுக்கு அன்று, உடைமையாளருக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியை அச்சட்டம் தொடவில்லை. இந்தியாவுக்கு 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்தது. அதுவும் அடிமையை வைத்திருப்பது குற்றம் என்று கூறிற்றில்லை; இன்னார் என் அடிமை என்னும் உரிமையை இனி நீதிமன்றம் ஏற்காது என்றே கூறிற்று. குற்றமாக்கியது 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம். மிராசுதாரர் மதியற்றவர் அல்லர். அடிமை ஓலை செல்லாதெனில், கடன் பத்திரம் செல்லுமன்றோ? பீகாரில் காமியா, தென் குஜராத்தில் ஹாலி, தெலங்கானாவில் வெட்டி, கன்னட நாட்டில் ஜீதம், தமிழகத்தில் படியாள், பண்ணையாள் என்று பெயர் பல. ஊருக்கு ஊர் முறை வேறுபட்டாலும், பல இடங்களில் ஆளைப் பிணித்தது கடன் என்னும் கயிறே.

கயிறு கடலையும் தாண்டியது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற கப்பல் ஒன்று நேட்டால் நாட்டு டர்பனில் நம்மவரை இறக்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக. அதைவிட நம் வினாவுக்கு நெருங்கியது இலங்கைத் தேயிலைத் தோட்டத்து முறை. கங்காணி தன் ஊர்ப்பக்கத்தில் ஆள் திரட்டும்பொழுது, வழிச்செலவும் முன்பணமும் கொடுத்துக் கடனாக எழுதிக்கொள்வார். அத்தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் செல்ல வேண்டுமாயின், இவர்கள் பேரில் இவ்வளவு கடன் உள்ளது, அதைத் தீர்ப்பவர் இவர்களை ஏற்கலாம் என்னும் கருத்தில் தோட்டத்திலிருந்து ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதற்குத் துண்டு என்று பெயர். புதிய துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை மீண்டும் அவர்கள் தலையிலேயே ஏறும். தோட்டம் மாறும், துரை மாறுவார், கடன் மட்டும் மாறாது. துண்டு முறையை 1921இல் இலங்கை அரசு சட்டத்தால் ஒழித்தது. நூறாண்டு கழிந்தபின் அதே துண்டை நம் கூடத்தில், பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்பு, பஞ்சசீலம் ஏற்ற ஒருவர் வாயால் கேட்டோம்.

கணக்கு மட்டும் மாறியது என்றால், பணம் கட்டிய புதிய சூளைக்காரர் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாமே? ஏன் கூடவே கணவன், மனைவி, பத்து வயதுப் பிள்ளை, பாத்திர மூட்டை எல்லாம் லாரியில் ஏறுகின்றன? கடன் ஆளோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கும் இடத்தில், கடனை விற்றவன் ஆளை விற்றவனே. இது நம் முடிபு. இதை மேஸ்திரியிடம் சொன்னபொழுது நம் குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. காரணம் இரண்டு.

முதற் காரணம் நம் மறைநூலிலேயே இருக்கிறது. மகாவக்கத்தில் இரண்டு விதிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. கடன்பட்டவன் ஒருவன் ஓடிவந்து துறவு பூண்டான். கடன் கொடுத்தோர் கண்டு குறை கூறினர். இனிக் கடன்பட்டவனுக்குத் துறவு அளிக்கலாகாது என்று விதி வகுக்கப்பட்டது. அடுத்து, அடிமை ஒருவன் ஓடிவந்து துறவு பூண்டான். எசமானர் கண்டு குறை கூறினர். அடிமைக்கும் துறவு அளிக்கலாகாது என்று விதியாயிற்று. இதை எடுத்துக்காட்டி, உங்கள் புத்தரும் எசமானர் பக்கந்தானே நின்றார் என்று நம்மிடம் கேட்டவர் உண்டு. ஓடிவந்தோருக்கெல்லாம் புகலிடம் ஆனால் மன்னரும் செல்வரும் சங்கத்தையே அழித்திருப்பர் என்று சமாதானம் கூறலாம். கூறியும் இருக்கிறோம். அது சமாதானமே அன்றி முழு விடை ஆகாது என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்கிறோம். ஓடிவந்தவன் திரும்பிச் சென்ற இரவைப் பற்றி விதி ஒன்றும் பேசவில்லை.

எனினும் அதே திரிபிடகத்தில் சாமஞ்ஞபல சூத்திரமும் உண்டு. மன்னன் அஜாதசத்துருவைப் பகவர் வினவுகிறார்: உனக்கு முன் எழுந்து, உனக்குப் பின் உறங்கி, உன் முகக்குறிப்பு நோக்கி ஏவல் செய்யும் அடிமை ஒருவன் துறவியாகிவிட்டான் எனக் கேள்விப்பட்டால், அவன் மறுபடி வந்து எனக்கு அடிமைத்தொழில் செய்யட்டும் என்பாயோ? அவ்வாறு சொல்லேன், எழுந்து நின்று வணங்கி இருக்கை அளிப்பேன் என்கிறான் மன்னன். தந்தையைக் கொன்றவன் வாயிலிருந்தே இந்த விடையை வாங்குகிறார் பகவர். அந்தச் சூத்திரத்திலேயே மனத்தின் ஐந்து தடைகளுக்கு உவமை கூறப்படுகிறது: கடன், நோய், சிறை, அடிமைத்தனம், பாலைவழி. வேறு உவமைகள் இல்லாமலா கடனையும் அடிமைத்தனத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்? அக்காலத்து மக்கள் இரண்டையும் ஒரே வீட்டில் கண்டிருந்தனர்.

இன்னொன்று. துறவி ஆண் அடிமையையும் பெண் அடிமையையும் தானமாக ஏற்கலாகாது என்பது பிரமஜால சூத்திரம். இவ்வளவு தெளிவான சீலம் இருந்தும், பர்மாவில் பகான் நாட்டு மன்னரும் செல்வரும் விகாரைகளுக்கு அடிமைகளைத் தானம் செய்த கல்வெட்டுகள் உள்ளன. இலங்கையிலும் விகாரைகளுக்கு அடிமைகள் அளிக்கப்பட்டனர். சீலம் சுவடியில் இருந்தது. விகாரையில் அடிமை இருந்தான். அவனுடைய உழைப்பில் விளக்கு எரிந்தது. நமக்கு வரவிருந்த கான்கிரீட் தளத்தை அந்த விளக்கோடு சேர்த்து எண்ணிப் பார்த்தோம்.

இரண்டாம் காரணம் சொல்ல நாணுகிறது. ஆயினும் சொல்கிறோம்.

நம் பாட்டனார் வட ஆர்க்காட்டில் படியாளாக இருந்தவர். படியாள் வாழ்வை விட்டு ஓரிரவில் புறப்பட்டுக் கோலார் தங்கவயலுக்கு வந்து சுரங்கத்தில் இறங்கினார். 1930இல் அங்கே தொழிலாளர் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தபொழுது, வயல் முழுவதும் வேலைநிறுத்தம் மூண்டது. ஏன் இந்த அளவுக்கு எதிர்ப்பு என்று படித்தவர்கள் வியந்திருக்கலாம். நம் பாட்டனார் வியக்கவில்லை. ரேகை வைத்தால் என்ன ஆகும் என்பது ஊரிலேயே அவருக்குத் தெரியும் என்பார். நாம் வளர்ந்து பெங்களூரில் பஞ்சாலைக்குச் சென்றோம். பதினேழு ஆண்டு நூற்பில் நின்றோம். பஞ்சுத் தூசும் வெப்பமும் இருந்தன. ஆனால் சங்கம் இருந்தது, சம்பளச் சீட்டு இருந்தது, சங்கு ஊதியதும் வாயிற்கதவு திறந்தது. அவ்வாலையின் கதவு மூடிய பின்புதான் தம்மம் உரைக்கத் தலைப்பட்டோம்.

2006ஆம் ஆண்டில், தருமபுரிப் பக்கத்து உறவினர் ஒருவர் நம்மிடம் வந்தார். தமிழகத்தின் மேற்கு மாவட்டத்து நூற்பாலை ஒன்றுக்குப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள், மூன்றாண்டு வேலை, விடுதி, உணவு உண்டு, முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தமாக 30,000 ரூபாய். சுமங்கலித் திட்டம் என்று பெயர். "அண்ணா, நீங்கள் மில்லில் இருந்தவர். அனுப்பலாமா?" என்று கேட்டார். நூற்பாலை என்றதும் நம் கண்முன் வந்தது நம் ஆலையின் திறந்த கதவு. அனுப்பு என்றோம். நம் முகத்தைப் பார்த்துத்தான் அவர் கையெழுத்திட்டார்.

எட்டுத் திங்கள் கழித்து அந்தப் பிள்ளையைப் பார்க்க அவரோடு சென்றோம். வாயிலில் பெயர் எழுதி, அரைமணி நேரம் விடுதிக் காவலம்மையார் அருகிலிருக்கப் பேசினோம். விடுதிக்கும் ஆலைக்கும் இடையில் ஒரு சுவர். இரண்டையும் சுற்றி இன்னொரு சுவர். கடைக்குச் செல்வதானால் திங்களுக்கு ஒருமுறை, கூட்டமாக, காவலோடு. இரவு ஷிப்டு முடித்தவளை மறுபடி எழுப்பி ரிங் பிரேமுக்கு அனுப்புவார்களாம். வீட்டிற்கு வருகிறாயா என்று தந்தை கேட்டார். "நடுவில் போனால் அந்தப் பணம் கிடைக்காதப்பா" என்றாள். அவள் அழவில்லை. நம்மைப் பார்த்து, "பெரியப்பா, உங்கள் மில்லும் இப்படித்தான் இருந்ததா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டரை ஆண்டில் நோயுற்று வெளியேறினாள். மூன்றாண்டு நிறையவில்லை என்று சொல்லி மொத்தப் பணத்தைக் கொடுக்க மறுத்தார்கள். அங்கே கடன் இல்லை, முன்பணம் இல்லை. அவளுடைய கூலியையே பிடித்துவைத்து அதையே கயிறாக்கினார்கள். படியாளை முன்னே கொடுத்துக் கட்டினார்கள். இவளைப் பின்னே கொடுப்பதாகச் சொல்லிக் கட்டினார்கள். ஆள் பிடித்துக் கொடுத்த மேஸ்திரியாக நாமே நின்றோம், காசு வாங்கவில்லை என்பது ஒன்றே வேறுபாடு. அவ்வேறுபாடு அந்தப் பிள்ளைக்கு எந்த வகையில் உதவிற்று?

எனவே "அவர்களே சம்மதித்தார்கள்" என்னும் சொல்லை நாம் இப்பொழுது எளிதில் விழுங்குவதில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1947இல் வெளியிட்ட 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்னும் நூலில் இதனைத் தொட்டிருக்கிறார். வேலையற்று நிற்பவனிடம், உன் உரிமைகளை வைத்துக்கொள்கிறாயா, அல்லது நேரவரையறை இல்லாத, சங்கம் சேரக்கூடாத ஒரு வேலையை ஏற்கிறாயா என்று கேட்டால் அவன் எதைத் தேர்வான் என்பதில் ஐயம் உண்டோ என்பது அவர் கேள்வி. தம் மக்களிடமே அவர் இதைக் கண்டவர். மராட்டியத்தில் மகர்களுக்கு வதன் என்றொரு மானியம் உண்டு. அதற்கீடாக அரசுக்கும் ஊருக்கும் இரவு பகல் எடுபிடி வேலை. 1928இல் அதை மாற்ற மசோதா கொண்டுவந்தார். வதன் என்பது நம் பரம்பரை உரிமை என்று பிடித்துக்கொண்டவர்கள் மகர்களுக்குள்ளேயே இருந்தனர். கட்டியவன் அவிழ்க்க மறுப்பது ஒரு துன்பம்; கட்டப்பட்டவன் கயிற்றை மாலை என்று எண்ணுவது வேறொரு துன்பம். பம்பாய் மாநிலச் சட்டம் அதை ஒழிக்க 1958 ஆயிற்று. அதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

அவர் முன்னின்று ஆக்கிய அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு, மனிதரை வணிகம் செய்வதையும் வெட்டியையும் பிற கட்டாய உழைப்பையும் தடுக்கிறது. கட்டாயம் எனில் யாது? 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் இக்கேள்வி உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. நாட்கூலி ஒன்பது ரூபாய் இருபத்தைந்து காசு. அதில் ஆள் சேர்த்த ஜமேதார் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு எட்டே கால் கொடுத்தார். நீதிபதி பகவதி தம் தீர்ப்பில், சாட்டையும் சங்கிலியும் மட்டும் கட்டாயம் அல்ல. பசியும் வறுமையும் வேறு வழியின்மையும் ஒருவனைத் தள்ளிக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே உழைக்க வைத்தால் அதுவும் கட்டாயமே என்றார். ஒரு ரூபாயில் தொடங்கிய வழக்கு இவ்வளவு தூரம் சென்றது. ஜமேதார் என்பது தில்லியில் வழங்கும் சொல். நம் பக்கத்தில் மேஸ்திரி.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை நம் அன்பர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். வழக்கறிஞர் தயவின்றி நாமே எழுத்துக்கூட்டிப் படித்தோம். முன்பணத்திற்காக ஒருவன் வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, விரும்பிய இடம் செல்லும் உரிமையையோ, தன் உழைப்பைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழந்தால் அது கொத்தடிமை. முன்னோர் பட்ட கடமையால் வந்தாலும், சாதிப் பிறப்பால் வந்தாலும் அதுவே. திருவெண்ணெய்நல்லூர் அவை கேளாமல் விட்ட கேள்விக்கு இச்சட்டம் விடை கூறிவிட்டது. அத்தகைய கடன் திருப்பித்தரத் தக்கதன்று, அது அழிந்துபோனது. அழிந்த கடனுக்காக ஒரு காசு வாங்கினாலும் குற்றம். மூன்றாண்டு வரை சிறை. கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கொடுத்தவன் மேலதே. விடுவிக்கப்பட்டோர்க்கு உடனடி உதவியாக 2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் 20,000 ரூபாய் வகுத்து, பின்னர் 30,000 ஆக்கினர். ஒரு இலட்சம் முதல் மூன்று இலட்சம் வரையிலான பெருந்தொகையோ, வழக்கு முடிந்து எசமானருக்குத் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டது. வழக்குகள் நடக்கும் வேகத்தை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். இடைக்காலத்தில் அடுப்பு எரியாது. மேஸ்திரியின் வாசல் திறந்தே இருக்கும்.

உலகெங்கும் 2021ஆம் ஆண்டுக் கணக்கில் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. எண் பெரிது, பெரிய எண்ணைக் கண்டு மலைத்துவிட்டு உறங்கப் போகலாம். நமக்கு முன் இருந்தவை பதினெட்டுக் குடும்பங்கள்.

கூரைப் பணத்தை ஏற்பதில்லை என்று முடிவாயிற்று. எளிதில் ஆகவில்லை. செயற்குழுவில் இருவர் நம்மோடு பல நாள் பேசவில்லை. நம்மவர் ஒருவர் தலையெடுத்துக் கொடுப்பதைத் தடுக்கிறாயே, மேல்சாதிச் சூளைக்காரனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டாயா என்றனர். நியாயமான சினம். கேட்கவில்லைதான். சூளைக்காரர் நமக்குத் தளம் போட வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருப்போமோ, பல்லிளித்திருப்போமோ, தெரியாது.

பதினைந்து நாள் கழித்து மேஸ்திரி மறுபடி வந்தார். நோட்டுப் புத்தகம் ஒன்றையும் மடித்த முத்திரைத்தாள் ஒன்றையும் நம் முன் வைத்தார். நோட்டில் பதினெட்டுக் குடும்பங்களின் கணக்கு. முத்திரைத்தாளில் அவருடைய கையெழுத்து. "ஐயா, நான் கொடுத்த பணம் என் பணம் அல்ல. ஓனர் என் பேரில் எழுதிய பணம். ஆள் ஓடினால் நான் கட்ட வேண்டும். எனக்கு வருவது ஆயிரம் கல்லுக்குக் கிடைக்கும் கமிஷன். அதைச் சேர்த்துத்தான் தளம் போட வந்தேன். நான் இவர்களை விட்டுவிட்டால், என்னை யார் விடுவார்?"

இதற்கு நாம் ஆயத்தமாக வரவில்லை. அடிமை வணிகர் என்று நாம் தீர்ப்புக் கூறிய ஒருவர், தாமும் ஒரு துண்டின்மேல் நின்றுகொண்டிருந்தார். பகவரின் ஐந்து வணிகங்களில் விற்பவன் குறிக்கப்பட்டான். விற்கவும் விற்கப்படவும் ஒருங்கே நிற்பவனுக்கு அங்கே தனி இடம் இல்லை. சட்டத்தின் கண்ணிலோ, முன்பணம் கொடுத்த கை அவர் கை. சார் ஆட்சியரிடம் விண்ணப்பம் போனால் முதலில் அழைக்கப்படுபவர் அவரே. இதை மறைக்காமல் அவரிடம் சொன்னோம். மழை பிடித்துச் சூளை நிற்கும்வரை பொறுக்கலாமா என்று கேட்டார். சரி என்று சொல்ல வாயெடுத்தோம். மூதாட்டியார் குறுக்கிட்டு, "பொறுக்கச் சொல்வதற்கு அந்த நோட்டில் உன் பெயரா இருக்கிறது?" என்றார், நம்மைப் பார்த்து.

விண்ணப்பம் எழுதியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுப்போம் என்று மேஸ்திரிக்கு அறிவித்துவிட்டோம், அவர் உடன் வந்தாலும் வராவிட்டாலும். ஓனரின் முத்திரைத்தாளையும் அதோடு இணைக்க அவர் ஒப்பினால், அவர் நிலையும் ஆட்சியருக்கு விளங்கும். ஞாயிறன்று வந்து சொல்வதாகக் கூறிச் சென்றார்.

கூரை தகடாகவே இருக்கிறது. சென்ற வாரத்துப் பெருமழையில் சிலைக்கு நேர் மேலே ஒழுகிற்று. மூதாட்டியார் சிலையை ஒரு முழம் தள்ளிவைத்து, ஒழுகிய இடத்தில் வாளியை வைத்திருக்கிறார். விண்ணப்பத்தின் கீழே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம்.